ஒரு சாண் கீழே

போன தை மாதம் ஃபரா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய சில ஆண்டுகள் என்னிடம் வேலை பழகியவள். இப்போது அவளிடம் பலர் பழகுகிறார்கள். ஆய்வுகூடத்தின் நிலக்கீழ் அறையில் கிடந்த பழைய குளிர்ப்பெட்டியைக் கழித்துவிட்டார்களாம். பொத்தானை அமுக்கினால் வேண்டிய குளிரைத் தருகிற இயந்திரம் வந்துவிட்டதாம். பெட்டியைத் தூக்க வந்தவர்கள், பிணப்பெட்டி என்று நினைத்துக் கொஞ்சம் தயங்கினார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

"நீங்களும் பெல்லமியும் சேர்ந்து செய்த பெட்டி என்று சொன்னேன். எதற்காகச் செய்தார்கள் என்று புதிய பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குப் பாதிக் கதைதான் தெரியும், நேதன்."

மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் பெட்டியைப் பற்றி இருந்தது. மனிதர்களைப் பற்றி எழுத எனக்குத் தமிழ்தான் வருகிறது. அதனால் இது.

என் முழுப்பெயர் சபாநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து பௌதிகம் படிக்க லண்டனுக்கு வந்தவன். படிப்பு முடிந்தபோது ஊரில் திரும்பிப் போகக்கூடிய நிலைமை இருக்கவில்லை. பகலில் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளன், மாலையில் பெட்ரோல் நிலையம் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, தடயவியல் ஆய்வுகூடம் ஒன்றில் துப்பாக்கிப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். வேலை கிடைத்தது. ஊரில் கேட்டவர்களுக்கு 'அரசாங்க ஆய்வுகூடம்' என்று மட்டும் சொன்னேன். அந்த நாட்களில் துப்பாக்கி என்ற சொல்லை அம்மாவிடம் தொலைபேசியில் உச்சரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்டவர் பெல்லமி. இராணுவத்தில் ஆயுதங்கள் பழுதுபார்ப்பவராக இருந்து, பிறகு இந்தத் துறைக்கு வந்தவர். நோர்வேயின் வடக்கில் பல குளிர்காலங்களைக் கழித்திருந்தார். பனி கடித்ததில் வலது கையின் இரண்டு விரல்நுனிகளில் உணர்ச்சி இல்லை. துப்பாக்கியின் விசையை எப்போதும் இடது கை விரலால்தான் தொடுவார். அன்று என்னிடம் துப்பாக்கியைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. மேசையில் இருந்த தன் தேநீர்க் கோப்பையைக் காட்டி, "இதன் சூட்டை அளக்க வேண்டும். ஆனால் வெப்பமானியை உள்ளே விட்டால் அதுவும் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். என்ன செய்வாய்?" என்று கேட்டார். வெப்பமானியை முதலில் வெதுவெதுப்பாக்கிக்கொள்வேன் என்றேன். "எவ்வளவு வெதுவெதுப்பு?" என்றார். தெரியாது என்றேன். "அதைச் சொன்னாயே, அதுதான் வேண்டும்" என்றார்.

அவருடைய பழக்கங்களை இன்றைய பிள்ளைகள் பைத்தியம் என்பார்கள். பரிசோதனைக்கு வரும் எந்தத் துப்பாக்கிக்கும் அவர் வைத்த பெயர் 'விருந்தாளி'. அதோடு பொலிஸ் அனுப்பும் வழக்குச் சுருக்கத்தைப் படிக்கமாட்டார். கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிடுவார். சோதனை முடிந்த பிறகுதான் கோப்பையை எடுப்பார். யாராவது வாய்தவறி 'கொலை ஆயுதம்' என்றால், பேசாமல் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடிப்பார். சொன்னவர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நானும் ஒருமுறை போய் நின்றிருக்கிறேன்.

என்னுடைய முதல் குளிர்காலத்தில் நகருக்கு வெளியே ஒரு திறந்தவெளிச் சூட்டுத்தளத்துக்கு அழைத்துப்போனார். ஒரே வகைத் தோட்டாவில் இரண்டு பெட்டிகள். ஒன்றை அவர் தன் கோட்டின் உள்பையில் மார்போடு வைத்திருந்தார். மற்றதை இரவு முழுவதும் கார்க் கூரையின்மேல் பனியில் விட்டிருந்தார். ஒரே ரைபிள், ஒரே குறி. மார்புச் சூட்டில் இருந்த தோட்டாக்கள் ஓரிடத்தில் பாய்ந்தன. பனியில் கிடந்தவை அதற்குக் கீழே தனியாக ஒரு கூட்டம் போட்டன. அட்டைக்கு முன்னால் என்னை நிறுத்திவைத்து, வெடிமருந்து குளிரில் மந்தமாக எரியும், குண்டு மெதுவாகக் கிளம்பும், காற்றும் கனத்துப்போய் இருக்கும், அதனால் கூடுதலாகக் கீழே இறங்கும் என்றெல்லாம் சொன்னார். பிறகு தன் விறைத்த விரல்களைக் காட்டி, "சுடுகிறவனும் குளிரில்தான் நிற்கிறான். அதை எந்த அட்டவணையிலும் போட முடியாது" என்றார்.

அந்தப் பாடம் இப்படி எனக்குத் தேவைப்படும் என்று அன்று தெரியாது.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு ஜனவரி, லண்டனில் ரயில்கள் நின்றுபோகுமளவுக்குப் பனி கொட்டியது. அடுத்த வாரம் ஒரு விருந்தாளி வந்தது. ரைபிள்தான், ஆனால் வெடிமருந்து இல்லாத வகை. குழலை மடக்கினால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும். விசையை இழுத்தால் வில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தள்ளும் காற்றில் சிறிய ஈயக்குண்டு பறக்கும். காற்றுத் துப்பாக்கி. பழையது, மலிவானது. மாதிரிக்கு ஒரு முறை மடக்கிப் பார்த்தபோதே உள்ளே ஏதோ ஒட்டிப் பிடிப்பதுபோல இருந்தது.

வழக்கம்போல ஆய்வுகூடத்தின் அறை வெப்பத்தில் முதல் சோதனை. துப்பாக்கியை இறுக்கியில் பூட்டினோம். பொலிஸார் அளந்து அனுப்பிய தூரத்தில் அட்டையை வைத்தோம். குண்டுகள் குறி பார்த்த இடத்திலேயே நெருக்கமாகப் பாய்ந்தன. "நேர்மையான விருந்தாளி" என்றார் பெல்லமி. பிறகு கோப்பையை எடுத்துச் சுருக்கத்தை வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தவராசா என்பது உங்கள் ஆட்களின் பெயரா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"தெரியுமா அவரை?"

தெரியாது. உண்மையாகவே தெரியாது. மனோர் பார்க் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நூறு தடவை பக்கத்தில் நின்றிருக்கலாம், அவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன். அவர் "அப்படியென்றால் தொடரலாம். தெரிய நேர்ந்தால் அன்றே சொல்" என்றார்.

நடந்தது இதுதான். அப்டன் பார்க்கில் ஓர் அகலமான தெருவில் தவராசா பலசரக்குக் கடை வைத்திருந்தார். மேல்மாடியில் மனைவி மலரும் கைக்குழந்தையும். மாதக்கணக்கில் ஒரு பெடியன் கூட்டம் கடைக்குத் தொல்லை கொடுத்து வந்தது. வசைபாடுவது, கதவுத் துவாரத்தால் அழுக்கைப் போடுவது, கண்ணாடியில் துப்புவது. பொலிஸ் வந்து பார்த்துவிட்டுப் போகும். அன்று பனி உறைந்து கிடந்த பின்னேரம், பொழுது மங்குகிற நேரம், பனி உருண்டைக்குள் கல்லை வைத்து எறிந்தார்கள். மேல்மாடி ஜன்னல் உடைந்து, கண்ணாடி குழந்தையின் கட்டிலில் கொட்டியது. குழந்தையின் நெற்றியில் இரத்தம். தவராசா பின் கொட்டிலுக்கு ஓடிப்போய், கடையை விற்றவர் விட்டுப்போன அந்தத் துப்பாக்கியை எடுத்துவந்து, உடைந்த ஜன்னலால் ஒரே ஒரு முறை சுட்டார். எதிர்ப்புற நடைபாதையில், உச்சியில் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்ற கெவின் என்ற இளைஞனின் கண்ணில் குண்டு பாய்ந்தது. பத்தொன்பது வயது. டயர் கடையில் வேலை. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான்.

தலைக்கு மேலே, சுவரைப் பார்த்துத்தான் சுட்டேன், பயமுறுத்தத்தான் சுட்டேன் என்று தவராசா பொலிஸிடம் சொல்லியிருந்தார். கோடையில் அதே ஜன்னலிலிருந்து எதிர்க்கூரைப் புறாக்களைச் சுட்டிருக்கிறார். துப்பாக்கி எங்கே அடிக்கும் என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் சொல்லியிருந்தார். அந்த வாக்கியம்தான் அவர் கழுத்தைச் சுற்றியது. துப்பாக்கி நேராக அடிக்கிறது, அடிப்பது அவருக்குத் தெரியும், குண்டு கண்ணில் இருக்கிறது. முகத்துக்குக் குறி வைத்தார் என்றால் அது கொலை. ஆயுள் தண்டனை.

பெல்லமி சுருக்கத்தை மடித்து வைத்தார். "கொட்டில் என்று போட்டிருக்கிறது. சூடாக்கப்படாத கொட்டில். நாம் இதை ஒரு வாரம் சூடான களஞ்சியத்தில் வைத்துவிட்டுச் சுட்டிருக்கிறோம்."

துப்பாக்கியைக் கழற்றவில்லை, கழற்றினால் அது வேறு துப்பாக்கி ஆகிவிடும் என்பது அவர் விதி. ஒரு துவாரத்தால் விளக்கடித்துப் பார்த்தோம். பிஸ்டனைச் சுற்றிக் கறுப்பாக, தடிப்பாக, கார்ச் சில்லுக்குப் பூசுகிற கிறீஸ். யாரோ கிறீச்சிடுகிற சத்தத்தை நிறுத்தத் தாராளமாக அப்பியிருந்தார்கள். சூட்டில் அது எண்ணெய்போல இளகும். குளிரில் மெழுகுபோல இறுகிப் பிஸ்டனைப் பிடிக்கும். பிஸ்டன் தாமதித்தால் காற்றின் வேகம் குறையும், குண்டு சோர்ந்துபோய்க் கிளம்பும்.

நான் உயிரியல் பிரிவின் உறைபெட்டியில் ஓர் இரவு வைக்கலாம் என்றேன். "அந்தத் தெரு உறைபெட்டி இல்லை" என்றார். கூடுதலாகக் குளிரவைத்தால் கூடுதலாகப் பொய் சொல்லும். அதனால் வானிலை அலுவலகத்திடம் அன்றைய வெப்பநிலையைக் கேட்டு வாங்கினோம். பிறகுதான் பெட்டி. பழைய கதவுப் பலகைகளை வெட்டி, உள்ளே இரட்டைச் சுவர் வைத்து, நடுவே தக்கையை நிரப்பினோம். தட்டுகளில் ஐஸும் உப்பும். துப்பாக்கியோடு ஒரு வெப்பமானியைக் கட்டி, அது அந்தத் தெருவின் குளிருக்கு வந்து அங்கேயே நிற்கும்வரை ஐஸைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருப்போம். உலோகத்தின் மேற்புறம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், உள்ளே இருக்கும் வில்லும் கிறீஸும் குளிர நேரமெடுக்கும் என்று, காலையில் வைத்த துப்பாக்கியைப் பின்னேரம்வரை தொடவிடமாட்டார். பெட்டியின் முன்பலகையில் ஒரு துளை. துப்பாக்கியை வெளியே எடுக்காமல் உள்ளே இருந்தபடியே சுடுவதற்காக.

சுடத் தொடங்குவதற்கு முன், இடத்தை அளந்து வரப் போனோம். எங்களோடு ஒரு கான்ஸ்டபிள். மேல்மாடியில் மலர்தான் கதவைத் திறந்தா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது; கான்ஸ்டபிள் அதைக் கழற்றித் தந்தார். குழந்தை இடுப்பில், நெற்றியில் பிளாஸ்டர். நான் ஜன்னலிலிருந்து நடைபாதைக்கு நாடாவை இழுத்துக்கொண்டிருக்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"தமிழோ அண்ணை?"

தலையாட்டினேன்.

"தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் தங்கச்சி. நான் இஞ்சை ஒண்டும் குடிக்கக் கூடாது."

"தண்ணியும் குடியாமல் போறியளோ? அப்பிடி என்ன நாங்கள் செய்திட்டம்?"

பெல்லமிக்கு மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும். நாடாவின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு என்னைக் கீழே தெருவுக்கு அனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், பூசை முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது மலர் எனக்கு முன்னால் வந்து நின்றா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காலுறைகூட இல்லாமல்.

"குளிருக்குக் குண்டு பதிஞ்சு கீழை போகுமாம் எண்டு லோயர் சொல்லுறார் அண்ணை. நீங்கள் அதைச் சொன்னால் காணுமாம். பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. உள்ளதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கோ."

"நான் உங்களோடை இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

"ஆரோடை கதைக்க நான்? எனக்கு இந்த ஊரிலை ஆர் இருக்கினம்?" என்று சொல்லிவிட்டு, அந்த வாசலிலேயே அழத் தொடங்கினா. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெல்லமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை வழக்கிலிருந்து விலக்கிவிடுவார் என்று நினைத்தேன். அதை விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் கேட்டார்: "குண்டு கீழே இறங்க வேண்டும் என்று நினைக்கிறாயா?"

"நினைக்கிறேன்."

"நல்லது, தெரிந்துகொண்டோம். இனி நீ ஐஸைப் பார். நீ குண்டு போடு. அட்டையை நான் பார்க்கிறேன். அட்டைப் பக்கம் நீ வரவேண்டாம்."

இரண்டாவது ஆளில்லாமல் செய்ய முடியாத வேலை; என்னை விட்டால் வேறு ஆளும் இல்லை. மேலிடத்துக்கும் எழுதி அறிவித்துவிட்டு அப்படியே செய்தோம். அந்த வாரம் முழுவதும் நான் பெட்டியருகில் நின்றேன்; அவர் சூட்டறையின் மறுமுனையில் அட்டையோடு நின்றார். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் அவர் பாதுகாப்புச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக் கையை உயர்த்துவார். நான் கயிற்றால் விசையை இழுப்பேன். குளிரில் சுட்ட முதல் சூட்டின் சத்தமே வேறாக இருந்தது. அறை வெப்பத்தில் 'டக்' என்று அடித்தது, குளிரில் யாரோ இருமியதுபோல அமுங்கி வந்தது. அவர் போய் அட்டையைப் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அளவுகோலை வைத்தார், எழுதினார், சுவருக்குப் பின்னால் போனார், கையை உயர்த்தினார். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.

மாசி முடிவில் மறுபடியும் உறைபனி விழுந்தது. பெட்டியில் கண்டதை வெளியிலும் பார்த்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு சூட்டுத்தளத்துக்குப் போனார். ஒரு சரக்கு லொறியின் கூரையில், ஜன்னலின் உயரத்துக்குத் துப்பாக்கியைப் பூட்டினோம். சுட்டு முடிந்ததும் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டார்.

"இப்போது பார்க்கலாம். நான் அறிக்கையை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இது அதைத்தான் திருப்பிச் சொல்கிறது."

குண்டுகள் குறியிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் கீழே பாய்ந்திருந்தன. சில கொஞ்சம் மேலே, சில இன்னும் கீழே. அறை வெப்பத்தில் சுட்டபோது இருந்த நெருக்கம் இல்லை. நான் அட்டையில் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. ஒரு சாண் என்பது சுவர் வரைக்கும் போதாது. கண்ணிலிருந்து ஒரு சாண் மேலே போனால் கெவினின் கம்பளித் தொப்பிதான் இருக்கிறது. தொப்பிக்கும் மேலே, சுவரைப் பார்த்துச் சுட்டவன் என்றால், குண்டு அந்தச் சாணைவிடக் கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் பெல்லமி. நான் பின்னால் இருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் தவராசா. உடம்புக்குப் பெரிதான யாருடையதோ கோட். மறுபக்க வாங்கு வரிசையில் கெவினின் தாய் லின், பாடசாலை உடுப்பில் ஒரு இளைய மகனோடு, தினமும் அதே இடத்தில். அந்த மனுசி கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல இருப்பா.

எதிரித் தரப்பு, அதாவது தவராசாவின் வழக்கறிஞர் கேட்டார்: "அந்தக் குளிரில், இந்தத் துப்பாக்கியால் அந்த இளைஞனின் கண்ணுக்குக் குறி வைத்திருந்தால் குண்டு எங்கே பட்டிருக்கும்?"

"பெரும்பாலும் கழுத்தில். அல்லது அதற்குக் கீழே."

"ஆகவே கண்ணுக்குக் குறி வைக்கப்படவில்லை."

"பட்ட இடத்துக்குக் குறி வைக்கப்படவில்லை என்று துப்பாக்கி சொல்கிறது. நானும் அவ்வளவுதான் சொல்கிறேன்."

அரச தரப்பு எழுந்தது. "தலைக்கு மேலே சுவரைக் குறி வைத்ததாக எதிரி சொல்கிறார். துப்பாக்கி அதை ஏற்றுக்கொள்கிறதா?"

"மிகச் சில சூடுகள் அவ்வளவு இறங்கின. பெரும்பாலானவை இறங்கவில்லை."

"அப்படியானால் அவர் எங்கேதான் குறி வைத்தார்?"

"எவ்வளவு இறங்கும் என்று என்னால் சொல்ல முடியும். அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்."

ஜூரிகள் நெடுநேரம் எடுத்தார்கள். கொலையல்ல, கைமோசக் கொலை என்று வந்து சொன்னார்கள்; கொல்லும் நோக்கமில்லாமல் செய்த குற்றத்தால் நேர்ந்த சாவு. சில ஆண்டுச் சிறை. மலர் அந்த இடத்திலேயே தரையில் குந்திவிட்டா. லின் எழுந்து, மகனின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, வெளியே நடந்துபோனா.

அதற்குப் பிறகு குளிர்கால வழக்குகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டி நிரந்தரமாகிவிட்டது. ஃபராவுக்கு நான் எழுதி அனுப்பிய பெட்டியின் கதை இதோடு முடிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடைக்காலம், மிச்சம் என்ற லண்டன் புறநகரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது பால் வாங்க ஒரு மூலைக்கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் தவராசா. தலை முழுக்க நரைத்துவிட்டது. அது பிறகு லண்டனுக்கு வந்த மலருடைய தம்பியின் கடையாம். என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து நின்றார்.

"உங்களை எனக்குத் தெரியும் அண்ணை. கோர்ட்டிலை அந்த வெள்ளைக்காரருக்குப் பின்னாலை இருந்தனீங்கள்."

காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடத்தான் நினைத்தேன். அவர் கடைக்கு வெளியே வந்து, கூடவே நடந்தார்.

"ஒரு விஷயம் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. மலரிட்டையும் இல்லை. நான் சுவரைப் பாக்கேல்லை அண்ணை. அவன்ரை தொப்பியைத்தான் பாத்தனான். தொப்பியைத் தட்டி விழுத்துவம், பயந்து ஓடட்டும் எண்டு. புறாவின்ரை வாலிலை படாமல் கூரையோட்டிலை அடிப்பன், அவ்வளவு நம்பிக்கை எனக்கு. அண்டைக்குப் பொலிஸ் கேட்டவுடனை பயத்திலை தலைக்கு மேலை, சுவரிலை எண்டு வாயிலை வந்திட்டுது. பிறகு மாத்த ஏலாமப் போச்சு."

"இப்ப ஏன் எனக்குச் சொல்லுறீர்?"

"அந்தத் தாய்க்குச் சொல்ல வேணும். என்ரை இங்கிலீஷிலை அதைச் சொல்ல ஏலாது. நீங்கள் வருவியளோ?"

வரமாட்டேன் என்றேன். நான் இன்னும் அரச சேவையில் இருக்கிறேன், அது முறையில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சட்டம் அவரை அந்தச் சாவுக்காக இன்னொருமுறை கூண்டில் ஏற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாயின் வாசலில் நின்று எதைச் சொல்ல?

பெல்லமி அப்போது ஓய்வு பெற்று கெண்ட் பக்கத்தில் இருந்தார். போய்ச் சொன்னேன். ரோஜாச் செடிகளுக்கிடையே முழங்காலில் இருந்தபடியே கேட்டார்.

"தொப்பி" என்றார். "அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்."

"அப்போதே நினைத்தீர்களா?"

"நினைத்ததைச் சாட்சியாகச் சொல்ல முடியாது." மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அலுவலராக நீ போகக் கூடாது. இரண்டு மொழியும் தெரிந்த மனிதனாகப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போனால், அவன் சொல்வதை மட்டும் சொல். ஒரு சொல் கூட்டாதே."

மேலதிகாரிக்கு அறிவித்து ஒருநாள் விடுப்பு எடுத்தேன். முதலில் நான் தனியாகப் போய், அவர் வர விரும்புகிறார், வரலாமா என்று லின்னிடம் கேட்டேன். அந்த மனுசி கதவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றா. "என் சின்ன மகன் வேலைக்குப் போயிருக்கும்போது வரட்டும்" என்றா.

ஒரு புதன்கிழமை காலை போனோம். வெயில் சுட்டெரித்தது. தவராசா கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். லின் எங்களை உள்ளே கூப்பிடவில்லை, வாசற்படியில்தான் நின்றா. தவராசா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சுவர் இல்லை, தொப்பி. விழுத்த நினைத்தது. பொலிஸிடம் பொய் சொன்னது. ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

"இத்தனை வருசமாக எல்லோரும் என்னிடம் குளிர், குளிர் என்றுதான் சொன்னார்கள்" என்றா லின். "என் மகனை ஒரு மனிதன் சுட்டான் என்று யாரும் சொல்லவில்லை." குரல் உயரவேயில்லை. பிறகு என்னைத் தாண்டித் தவராசாவை நேரே பார்த்தா. "நான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கல்லை எறிந்தது அவனா? அவன் சிநேகிதர்கள் இல்லை என்கிறார்கள். உன் ஆட்கள் ஆம் என்றார்கள். நீ ஜன்னலில் நின்றாய். நீ பார்த்தாய்."

நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. தன்னுடைய ஆங்கிலத்திலேயே, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்:

"எனக்குத் தெரியாது. நான் யார் எறிந்தது என்று பார்க்கவில்லை. அவன் உயரம். அதனால் அவனைத் தெரிந்தது."

எதிர்வீட்டில் யாரோ வானொலியை உரக்க வைத்திருந்தார்கள்.

"ஆம்" என்றா லின் கடைசியில். "உயரம்தான். தகப்பனைப்போல. பதின்மூன்று வயதிலேயே இந்தக் கதவு நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவான்."

கதவை மெதுவாகச் சாத்தினா.